ரோசா அமீனாவும் ஆப்பக்காரியும்

சாணியை லஞ்சமாக வாங்கிய சர்க்கார் சிப்பந்தி இந்தப் பரந்த பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் தென்காசியில் என் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மண்சுவரும் ஒரு பொதுக்கிணறும் மட்டுமே இருந்தது நான் போன ஜன்மத்தில் செய்த ஏதோ ஒரு காரியத்தின் பலன்.

அவர் கோர்ட் அமீனா. எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள். நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து பிழைத்தவன். எதை எழுதக்கூடாது என்று எனக்குத் தெரியும். யுத்தத்துக்கு முந்திய காலம் அது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அமீனா என்றால் என்னவென்று தெரியாது. வழக்கில் தோற்றவன் வீட்டுக்கு உத்தரவோடு வந்து அண்டா, குண்டா, கதவு, கட்டில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஜப்தி செய்துகொண்டு போகிறவர். எமனாவது ஆளை மட்டும் கொண்டு போவான் என்று ஜனங்கள் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் அமீனா தெருவில் நடந்து வந்தால், யாருக்கும் ஒரு தம்பிடி பாக்கி இல்லாத வீட்டில்கூட வாசலில் கவிழ்த்த செம்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மற்ற அமீனாக்கள் வாசலில் நின்று கையை நீட்டுவார்கள். எங்களவர் கையை நீட்டியதே கிடையாது, கழுத்தை நீட்டுவார். வீட்டுக்குப் பின்னால் தொழுவமும் எருக்குழியும் இருக்கின்றனவா என்று எட்டிப் பார்ப்பார். இருந்தால் முகம் மலர்ந்துவிடும். வீடு பூட்டிக் கிடந்தது, ஆள் ஊரில் இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார். சாயங்காலம் அவர் கொல்லையில் ஒரு வண்டி மக்கிய சாணி இறங்கும். கட்சிக்காரன் ஆடு வளர்க்கிறவனாக இருந்தால் புழுக்கை. கசாப்புக்காரனாக இருந்தால் எலும்பு. மீன் வியாபாரி ஒருவன் வழக்கில் தோற்ற மாதம் எங்கள் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. எங்கள் வீட்டு ரசத்தில் அயிரை மீன் வாடை அடித்தது. பொறுக்கமுடியாமல் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். மனிதர் மீன் கழிவை வெறுங்கையால் அள்ளி வேருக்கு வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மனிதத் தோல் இத்தனை தடிக்குமா என்று எண்ணிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இவ்வளவும் ரோஜாவுக்காக. நம் ஊர்ப் பன்னீர் ரோஜா என்றால் மன்னித்துவிடலாம். இவருடையது சுத்தமான இங்கிலீஷ் ரோஜா, பெங்களூரிலிருந்து ரயில் பார்சலில் வருவது. தென்காசி வெயிலில் எலுமிச்சையே வாடி நிற்கும். அங்கே லண்டன் ரோஜாவை வளர்த்துக் காட்டுகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் அவரை என்னவென்று சொல்வது? ஊர் 'ரோசா அமீனா' என்று சொல்லிற்று. 'ரோசம் கெட்ட அமீனா' என்று சொல்லப் பயந்தவர்கள்தான் அதைச் சுருக்கி அப்படி வைத்தார்கள் என்றும் பேச்சு உண்டு. விடியுமுன்னே எழுந்து கிணற்றுத் தண்ணீரை அவ்வளவும் இறைத்துச் செடிக்கு ஊற்றிவிடுவார். நாங்கள் வாளியை விட்டால் சகதி வரும்.

அந்த ரோஜாக்களுக்கெல்லாம் துரைசானிகள் பெயர். லேடி கிளாரா, மிஸ் டெய்சி, மிஸஸ் ஹாப்கின்ஸ் என்று ஒவ்வொரு தொட்டியிலும் தகரத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். ஒரு தடவை கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டு, நாளைக்கு ரயிலில் லேடி கிளாரா வருகிறாள், வழியில் வாடிவிடாமல் வந்து சேரவேண்டுமே என்று யாரிடமோ கவலைப்பட்டிருக்கிறார். அது ஸ்டேஷன் மாஸ்டர் காதுக்குப் போயிற்று. மறுநாள் பிளாட்பாரத்தைக் கழுவி, வெயிட்டிங் ரூம் நாற்காலியைத் துடைத்து, கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டோடு மாஸ்டர் வெயிலில் நின்றார். முதல் வகுப்பிலிருந்து யாரும் இறங்கவில்லை. சாமான் ஏற்றும் பிரேக் வேனிலிருந்து ஈரச் சாக்கு சுற்றிய ஒரு குச்சி இறங்கிற்று. அமீனா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பிரயாணம் சௌகரியமாக இருந்ததா என்று விசாரித்தார். அதற்குப் பிறகு அவருக்கு வந்த பார்சல்களை மாஸ்டர் வேண்டுமென்றே வெயிலில் போட்டு வைத்தார் என்று கேள்வி.

அமீனாவின் மனைவி எங்களுக்கு மதினி. கீழப்பாவூரில் வயலும் தோப்பும் உள்ள குடும்பத்துப் பெண். சுபாவமாகவே வாய் பேசாதவள். பிள்ளைகுட்டி இல்லை. ஆங்கிலப் பெயர்களெல்லாம் அவள் நாக்கில் புரளாது. லேடி கிளாராவைக் 'கிளாறு' என்பாள். மிஸஸ் ஹாப்கின்ஸ் 'ஆப்பக்காரி' ஆகிவிட்டாள். தெருவும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டது.

வருஷத்துக்கு ஒரு தடவை அமீனா தன் தோட்டத்து ராணியைத் தேர்ந்தெடுப்பார். காலையில் ஒவ்வொரு செடியாகக் குனிந்து, பூவுக்குள் மூக்கை முழுக்க நுழைத்து மோந்து பார்த்துக்கொண்டே போவார். பின்னாலேயே மதினி முணுமுணுத்துக்கொண்டு போவாள். பாவம், தலையில் அடித்துக்கொண்டு திட்டுகிறாள் என்று நானும் என் வீட்டுக்காரியும் சுவருக்கு இந்தப் பக்கம் இரக்கப்படுவோம். கடைசியில் ஒவ்வொரு வருஷமும் பட்டம் கிடைப்பது ஆப்பக்காரிக்குத்தான். கண்ணுள்ள எவனும் கிளாராவைத்தான் எடுப்பான். குங்குமச் சிவப்பு, கிண்ணம்போல் பூ. ஆப்பக்காரி பழைய வேஷ்டி நிறத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். இதில் என்ன கண்டீர் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கலரைப் பார்க்கிறவனுக்கு ரோஜாவைப் பற்றி என்ன தெரியும், வாசத்தை அல்லவா பார்க்கவேண்டும் என்று என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்த வாசத்தையும் வேறு யாரும் அனுபவித்துவிட முடியாது. ஒரு பூ வெளியே போகாது. என் வீட்டுக்காரி தலைக்கு வைத்துக்கொள்ள ஒன்றே ஒன்று கேட்டு அனுப்பினாள். ரோஜா தலையில் வைக்கிற சாமான் இல்லை என்று பதில் வந்தது. கோயில் பட்டர் வெள்ளிக்கிழமை அம்பாளுக்குக் கேட்டு வந்தார். அதற்கு அமீனாவிடம் ஒரு தந்திரம் இருந்தது. மோந்த பூ சாமிக்கு ஆகாது என்பது ஊரறிந்த சாஸ்திரம். விரிந்த பூவையெல்லாம் விடிவதற்குள் மோந்துவிடுவார். "மோந்துட்டேனே சாமி" என்று இரண்டு கையையும் விரிப்பார். இப்படியொரு கஞ்சத்தனத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

வினை அந்த மூக்கில்தான் வந்தது. ஒரு வைகாசி மாதம் சுவாதி நட்சத்திரத்தன்று, நரசிம்மர் பூஜைக்குத் தங்கையை அழைத்துப்போக மதினியின் அண்ணன் கீழப்பாவூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பெரிய மீசை, பெரிய குரல், பக்திமான். அமீனா குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அன்று விரிந்த கிளாராவைப் பறித்துத் தேங்காய்த் தட்டில் வைத்துவிட்டார். அமீனா ஈரத் துண்டோடு வந்தார். தட்டைப் பார்த்தார். குனிந்து, சாமிக்கு வைத்த பூவில் மூக்கைப் புதைத்து நெடுநேரம் இழுத்தார்.

"இனிச் சாமிக்கு ஆகாது மச்சான். இங்கனயே இருக்கட்டும்" என்றார்.

அண்ணனின் மீசை நடுங்கியதை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அவர் நேராக என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, இது கிறுக்குதான். கிறுக்கத் தவிர வேற ஒண்ணும் இல்ல. குத்தாலத்துல கொண்டுபோயி ஒரு மண்டலம் அருவியில நிப்பாட்டுவோம். தெளிஞ்சா சரி. தெளியலன்னா எந்தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிருவேன். எங்க வீட்ல சோத்துக்கா பஞ்சம்?"

குற்றாலத்து அருவி உச்சந்தலையில் விழுந்தால் எப்பேர்ப்பட்ட பித்தமும் தெளியும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற விஷயம். சீசனில் எங்கெங்கிருந்தோ சித்தம் கலங்கியவர்களை அழைத்து வருவார்கள். எனக்கு அமீனா தெளிவதைப் பற்றி அக்கறை இல்லை; மதினி போய்விடுவாளே என்றுதான் கவலை. என் வீட்டுக்காரியின் இரண்டு பிரசவத்துக்கும் தாயார் ஸ்தானத்தில் நின்றவள் அவள். போக இஷ்டமா, இருக்க இஷ்டமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அப்போது கிடையாது.

அமீனாவைக் கிளப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. அருவியில் குளிக்க வாருங்கள் என்றால் வருகிற ஆசாமியா? ரோஜாவின் பேரைச் சொன்னேன். இங்கிலீஷ் ரோஜாவுக்கு இங்கிலாந்து மாதிரி சீதோஷ்ணம் வேண்டாமா, குற்றாலத்துச் சாரல் அச்சாக அப்படித்தானே என்றேன். இங்கிலாந்திலும் அப்படித்தான் பொசுபொசுவென்று தூறுமா என்று கேட்டார். துளிகூட வித்தியாசம் கிடையாது என்று அடித்துச் சொன்னேன். நான் மேற்கே செங்கோட்டையைத் தாண்டியதில்லை. மனிதர் அன்றைக்கே லீவு எழுதிப் போட்டார்.

ஆனி பிறந்து சாரல் கட்டியதும் புறப்பட்டோம். கூண்டு வண்டிக்குள் வைக்கோல் பரப்பி ரோஜாத் தொட்டிகள் உட்கார்ந்துகொண்டன. மதினிக்கு வண்டிக்காரன் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தது. ஆண்பிள்ளைகள் மூவரும் பின்னால் நடந்தோம். தன்னைக் குளிப்பாட்டக் கொண்டுபோகிறார்கள் என்று அமீனாவுக்குத் தெரியாது. ரோஜாவுக்காகத்தான் அவர் வருகிறார் என்று அண்ணனுக்கு நான் சொல்லவில்லை. இலஞ்சி தாண்டும்போது வழியில் நின்ற ஒருவர், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். அண்ணன் தாடையால் அமீனாவைக் காட்டினார். அதே நேரத்தில் அமீனா வண்டியின் திரையை விலக்கி, "லேடி கிளாராவுக்குத்தான். சூடு தாங்கல. காத்து மாத்தக் கொண்டு போறேன்" என்றார். கேட்டவர் தொட்டியைப் பார்த்தார், அமீனாவைப் பார்த்தார். சீக்கிரம் கொண்டுபோங்க என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

குற்றாலத்தில் ஓட்டு வீடு ஒன்று பிடித்தோம். உள் அறை ஒன்றுதான். அதில் இரவு காற்றுக்குப் பயந்து ரோஜாக்களை வைத்தார் அமீனா. மதினி அடுப்பங்கரையில் படுத்துக்கொண்டாள். அண்ணனுக்கும் எனக்கும் தாழ்வாரம். சாரல் இரவு முழுக்க எங்கள் மேலேயே அடித்தது. கீழப்பாவூரில் தேக்குக் கட்டிலில் படுக்கிற மனிதர், விடிய விடிய உட்கார்ந்து தும்மினார். போர்த்திக்கொள்ளலாம் என்று விடிந்தும் விடியாமலும் தன் கம்பளியைத் தேடினார். அது மிஸ் டெய்சியின் மேல் இருந்தது.

சித்தம் கலங்கியவர்களுக்கு எண்ணெய் தேய்த்து அருவியில் பிடித்து நிறுத்துவதில் பேர்போன இரண்டு தடியர்களை முந்தின நாளே கடைத்தெருவில் அண்ணன் பேசிவைத்திருந்தார். காலையில் வந்து பாருங்கள், ஆளைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று அடையாளமும் சொல்லியிருந்தார். அவர்கள் சொன்னபடி வந்தார்கள். முற்றத்தில் ஒருவர் தொட்டிகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் சிவந்த கண்ணும் கலைந்த குடுமியுமாக ஒரு கம்பளியை உதறி உதறிக் கத்திக்கொண்டிருந்தார். தடியர்கள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் அணைத்து அண்ணனைத் தூக்கிவிட்டார்கள்.

"எனக்கு இல்லலே, அவனுக்குலே" என்று அவர் அலறினார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக அண்ணாச்சி. சும்மா வாங்க" என்றான் ஒருவன்.

நான் பின்னாலேயே ஓடினேன். சொல்லிப் பார்த்தேன். நோயாளிக்கு வேண்டியவர்கள் கடைசி நேரத்தில் மனம் இளகுவது சகஜம் என்று என்னைத் தேற்றினார்கள். அமீனா குடையோடு வாசல்வரை வந்து, "பாத்து மெதுவாக் கூட்டிட்டுப் போங்க. நல்ல மனுசன், கோவம்தான் சாஸ்தி" என்று கரிசனமாகச் சொன்னார். அண்ணனுக்குத்தான் எண்ணெய்க் குளியல் என்று அவர் நினைத்தார். பேரருவியில் அன்று தண்ணீர் கனமாக விழுந்தது. எண்ணெய் வழிய அண்ணனை நட்டநடுவில் நிறுத்திப் பிடித்தார்கள். அவர் கத்தக் கத்த, வியாதி முற்றியிருக்கிறது என்று இன்னும் கொஞ்சநேரம் சேர்த்துப் பிடித்தார்கள்.

திரும்பி வந்தபோது அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மதினி கொடுத்த துண்டால் தலையைத் துவட்டினார். அமீனாவுக்கு எதிரில் போய் நின்றார்.

"மாப்பிள, நாளைக்கு வண்டி திரும்புது. ஒண்ணு, ஒம்ம தொட்டி அதுல ஏறட்டும். எந்தங்கச்சிய நான் இப்படியே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். இல்லன்னா தொட்டிய இங்கன விட்டுட்டு அவளக் கூட்டிட்டு வீட்டுக்குப் போம். ரெண்டுல ஒண்ணு சொல்லும்."

மதினி அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அமீனா தரையைப் பார்த்தார். பிறகு நடந்து தொட்டிகளிடம் போனார். கிளாராவை மோந்தார். டெய்சியை மோந்தார். கட்டின பெண்டாட்டி பதிலுக்குக் காத்து நிற்கிறாள். இந்த மனுஷன் எந்தச் செடி உசத்தி என்று பார்க்கிறான். என் ஆயுசில் அந்த நிமிஷம் வெறுத்த மாதிரி இன்னொருவனை நான் வெறுத்ததில்லை. வாயில் வந்ததைக் கேட்டுவிடலாம் என்று நான் படி இறங்கினபோது அவர் திரும்பினார்.

"ஏட்டி, இங்கன வா. இது இன்னைக்கு என்ன சொல்லுது?"

மதினி வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து கிளாராவை மோந்தாள்.

"சாரல் பட்டு மங்கிட்டு. புதுப்பானையில தண்ணி ஊத்துனா வருமே, அந்த மாதிரி. உள்ள போனா ஏலக்கா இருக்கு, கொஞ்சமா. நேத்து இதவிட இனிப்பா இருந்துது."

அமீனா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "அடுத்தது?" என்றார்.

"என்ன கூத்து இது?" என்று அண்ணன் இடைமறித்தார். "ஏன், ஒம்ம மூக்கு எங்க போச்சு?"

"அது போயி ரொம்ப நாளாச்சு மச்சான்."

சின்ன வயதில் அம்மை போட்டு உயிர் பிழைத்தவர் என்பது அவர் முகத் தழும்பைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதில் மூக்கும் போயிற்று என்பது மதினியைத் தவிர ஒரு ஜீவனுக்குத் தெரியாது. சாணியும் ஒன்றுதான், சந்தனமும் ஒன்றுதான் அவருக்கு. பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தால் பெண் கொடுத்திருப்பீரா என்று அண்ணனைக் கேட்டார்.

"கல்யாணமான புதுசுல இவ எங்கிட்ட வாயத் தெறக்கல மச்சான். சோறு வைக்கட்டுமான்னு கேப்பா. அதோட சரி. நானும் ஜப்திக்குப் போயிட்டு வாறவன். ஊர்ல ஒருத்தன் எங்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டான். ஒருநாள் ஒரு துரை பங்களாவுல தோட்டக்காரன் ஒரு ரோசாவக் குடுத்தான். வீட்டுக்குக் கொண்டாந்து, எனக்கு மூக்கு இல்ல, நீ மோந்து சொல்லுன்னேன். அன்னைக்குத்தான் பேசுனா. விளக்கு வைக்கிற வரைக்கும் பேசுனா."

டெய்சியில் பழுத்திருந்த ஓர் இலையைக் கிள்ளிப் போட்டார்.

"மல்லின்னா ஒரே சொல்லுல முடிச்சிருதா, மல்லி வாசம்னு. பிச்சியும் அப்படித்தான். இங்கிலீசு ரோசா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. விவரமாச் சொல்லியாகணும்லா?"

நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்ட முணுமுணுப்பு எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் மெதுவாக, அப்படியானால் சாமிப் பூவை ஏன் மோந்தீர் என்றார். அன்று விரிந்த பூ அது. சாமிக்கு என்று வைத்துவிட்டால் அவள் மோந்து பார்க்கமாட்டாள். அவள் சொல்லாமலே அது வீட்டை விட்டுப் போய்விடும். தான் மோந்துவிட்டால் தட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், அவள் மோந்து சொல்லலாம் என்று அமீனா விளக்கினார். நரசிம்மர் விஷயத்தில் தப்புதான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சரி மச்சான், தொட்டி இங்கன கெடக்கட்டும். நான் அவளக் கூட்டிட்டுப் போறேன். கடைசியா ஒரு சுத்து கேட்டுக்கிடுதேன், அவ்வளவுதான்" என்றார்.

அப்போது மதினி அண்ணன் முகத்தைப் பார்த்து நிமிர்ந்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

"நான் எங்கயும் வரல அண்ணே. தொட்டியும் எங்கூடத்தான் வரும். இவுகளுக்கு வேற யாரு சொல்லுவா?"

மறுநாள் தொட்டிகளை அண்ணனே வண்டியில் ஏற்றினார். கிளாரா சாய்ந்துவிடாமல் தன் கம்பளியைச் சுருட்டி முட்டுக்கொடுத்தார். வழிநெடுக, என்னை அருவியில் பிடித்தவர்களைச் சும்மா விடமாட்டேன் என்று முனகிக்கொண்டு வந்தார். ஆடி மாதம் கீழப்பாவூரிலிருந்து ஒரு வண்டி நல்ல எரு வந்தது. வழக்கு வியாஜ்ஜியம் எதுவும் இல்லாமல் அமீனா வீட்டுக்கு வந்த எரு அதுதான்.

இதைப் படித்துவிட்டு நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். ஊர் திரும்பிய மறுநாளே கிணற்றில் சகதிதான் வந்தது. எனக்கு வேண்டிய ஒரு கட்சிக்காரரின் வீட்டில் மாடு இல்லாத பாவத்துக்கு அவருடைய ஊஞ்சலைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரிக்குப் பூவும் கிடைக்கவில்லை. மதினி மட்டும் அவளிடம் சிரித்துக்கொண்டே ஒரு ரகசியம் சொன்னாள். இந்தச் சீமை ரோஜாக்களில் பாதிக்குமேல் வாசமே கிடையாது. ஆப்பக்காரி இருக்கிறாளே, அவளிடம் மருந்துக்குக்கூட இல்லை. முதன்முதல் அது பூத்த அன்று அவர் ஆசையாக முகத்தைப் பார்த்ததில், இல்லை என்று சொல்ல மதினிக்கு நாக்கு வரவில்லை. நினைவுக்கு வந்த வாசனையையெல்லாம் போட்டுச் சொல்லிவைத்தாள். மற்றப் பூவுக்கு இருக்கிறதைச் சொன்னால் போதும். ஆப்பக்காரிக்குத் தினமும் புதிதாகக் கதை கட்டியாகவேண்டும். வருஷா வருஷம் அதற்கே பட்டம் கிடைத்தது இதனால்தான்.

பிறகு ஒரு சமயம் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக மதினி முன்கூட்டியே கீழப்பாவூருக்குப் போனாள். அவள் போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அமீனா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "குமாஸ்தா, இங்கன கொஞ்சம் வாரும்" என்றார். அத்தனை வருஷத்தில் அந்தத் தோட்டத்துக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். ஆப்பக்காரி ஒரு பூ விட்டிருந்தது. அமீனா சவரம் செய்துகொள்ளவில்லை. சரியாகச் சாப்பிட்ட மாதிரியும் தெரியவில்லை.

"மோந்து சொல்லும்" என்றார்.

குனிந்தேன். இலைப் பச்சையும் ஈரமண்ணும் தவிர ஒன்றும் வரவில்லை. கோர்ட்டுக்காக நான் எழுதாத பொய் இல்லை. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்ற நிலையைப் பார்த்ததும் ஒரு வார்த்தை வரமாட்டேன் என்றது. மறுபடி குனிந்தேன். தாழம்பூ மாதிரி இருக்கிறது அண்ணாச்சி, அடியில் கொஞ்சம் பச்சைக் கற்பூரம், நல்ல வாசம் என்று ஒருவழியாக உளறினேன்.

அவர் கண்ணைத் திறந்தார். கோபப்படவில்லை.

"அது இல்ல வே. ஒமக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றார்.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தொட்டியோடு ஆப்பக்காரியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கீழப்பாவூர் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். முள் குத்தும், இப்படிக் கொடுங்கள் என்று ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். வண்டிப்பேட்டை வரைக்கும் இரண்டு பேரும் சுமந்துகொண்டு போனோம். பூ உதிராமல் போய்ச் சேரவேண்டுமே என்று எனக்கும் கவலையாகத்தான் இருந்தது.

ரோசா அமீனாவை நான் மனுஷனாக மதித்ததில்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆப்பக்காரிக்கு வாசமில்லை என்று எவனாவது என் காதுபடச் சொல்லட்டும், அவனோடு நான் சண்டைக்குப் போவேன்.